இரண்டு நூல் இடைவெளி: ஹாலோ பிளாக் சுவரில் கழன்ற மேல் கப்போர்டு

கோவை சரவணம்பட்டி பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. அந்த வீட்டுச் சமையலறைக்கு மேல் கப்போர்டு செய்து மாட்டியது நானும் என் ஆட்களும்தான். இரண்டு வருடம் கழித்து வீட்டுக்காரம்மா போன் செய்தார். "அண்ணா, கப்போர்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல கரப்பான்பூச்சி போயிட்டு வருதுங்க. ஒரு நாளைக்கு வந்து அடைச்சுக் கொடுத்துட்டுப் போங்க."

சிலிக்கான் டியூப் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அடைக்கத்தான் போனேன்.

ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தபோதுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது. ஆறு மாதம் முன்பே மேல் விளிம்பில் ஒரு கோடு தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்த பெயின்டர் அதில் வெள்ளை சிமென்ட் தடவிவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பூச்சு இப்போது நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி சுவரிலும் மறுபாதி பிளைவுட்டிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவே இரண்டு நூல் இடைவெளி, அதாவது கால் அங்குலம். கப்போர்டின் அடி விளிம்பில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்த்தேன், நுழையவில்லை. கீழே சுவரோடு இறுக்கம், மேலே திறப்பு. பெட்டி தன் அடி விளிம்பையே கீல்போல வைத்துக்கொண்டு முன்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. வெள்ளை சிமென்ட் பிளந்திருந்ததால், சாய்வு ஆறு மாதத்துக்குள்ளும் தொடர்ந்திருக்கிறது என்பது உறுதி. பெயின்டருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் அந்தக் கோட்டை மூடியிராவிட்டால், இடைவெளி இன்னும் வளர்கிறது என்பதே தெரிந்திருக்காது.

அப்போதே கிரானைட் மேடையிலிருந்து பெட்டியின் அடிவரை இரண்டு ரீப்பர் கட்டைகளை முட்டுக் கொடுத்தோம். அப்புறம்தான் சாமான்களை இறக்கினோம்.

மொத்தம் எட்டு அடி நீளத்தில் மூன்று பெட்டிகள். இடையில் இருப்பதுதான் சாய்ந்தது. இரண்டரை அடி அகலம், இரண்டு அடி உயரம், பதின்மூன்று அங்குல ஆழம். 18 மி.மீ. பிளைவுட், பின்பலகை மட்டும் 6 மி.மீ. அதில் இருந்தவை: எவர்சில்வர் டப்பாக்கள், பித்தளைக் குத்துவிளக்கு இரண்டு, இட்லிக் கொப்பரை, அடுக்குப் பாத்திரம், மாமியார் ஊரிலிருந்து கொண்டுவந்த வெண்கல உருளி, ஒரு கல் இடிகல். வீட்டிலிருந்த, பயண லக்கேஜைத் தூக்கிப் பார்க்கும் டிஜிட்டல் தராசில் பை பையாகக் கட்டி எடை போட்டோம். 61 கிலோ. பெட்டியின் சொந்த எடை கதவோடு சேர்த்து 22 கிலோ வரும். ஆக, 83 கிலோ அந்தச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அவ்வளவு பாரம் வச்சா விழத்தானே தம்பி செய்யும்?" என்றார் மாமியார். அப்படி இல்லை. கப்போர்டு என்பதே பாரம் வைக்கத்தான். 83 கிலோவைத் தாங்காத மேல் கப்போர்டை மாட்டிவிட்டு, வைத்தவரைக் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கணக்கும் அதையேதான் சொல்கிறது. சுவரில் மாட்டிய பெட்டி ஸ்க்ரூவை இரண்டு விதமாக வருத்தும். ஒன்று, கீழ்நோக்கிய பாரம். அது 83 கிலோ; நான்கு ஸ்க்ரூவுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 21 கிலோ. ஓரளவு பிடிப்பு இருக்கும் எந்த ஸ்க்ரூவும் இதைத் தாங்கும். இரண்டாவது, சுவரிலிருந்து வெளியே பிடுங்கும் இழுப்பு. ஆபத்து இதில்தான். பெட்டியின் எடை மையம் சுவரிலிருந்து சுமார் 17 செ.மீ. தள்ளி இருக்கிறது. மேல் ஸ்க்ரூ, பெட்டியின் அடி விளிம்பிலிருந்து 56 செ.மீ. உயரத்தில். 83 × 17 ÷ 56 = 25 கிலோ. மேல் ஸ்க்ரூ இரண்டு என்பதால் ஒவ்வொன்றுக்கும் 13 கிலோவுக்குள்தான். நல்ல பிடிப்புள்ள பிளக்குக்கு, அதாவது ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் நைலான் குழலுக்கு, இது ஒன்றுமே இல்லை.

பெட்டி உயரமாக இருப்பதால்தான் இந்த இழுப்பு குறைவு. ஹாலில் மாட்டும் ஃப்ளோட்டிங் ஷெல்ஃபைப் பாருங்கள். நான்கு அங்குல உயரப் பிராக்கெட், பத்து அங்குல ஆழப் பலகை, அதன்மேல் முப்பது கிலோ புத்தகம். எடை மையம் ஐந்து அங்குலம் தள்ளி இருக்கும். 30 × 5 ÷ 4, அதாவது 37 கிலோவுக்கும் மேலான இழுப்பு. முப்பது கிலோ ஷெல்ஃப், 83 கிலோ கப்போர்டைவிட பலமாகச் சுவரைப் பிடுங்குகிறது. சின்னதுதானே என்று ஷெல்ஃபுக்கு இரண்டு பிளக் அடித்துவிட்டுப் போகிறவர்கள் இதை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

சரி, 13 கிலோ இழுப்பை ஏன் அந்த ஸ்க்ரூக்கள் தாங்கவில்லை?

மூன்று பெட்டிகளையும் இறக்கினோம். சுவரில் மொத்தம் பன்னிரண்டு துளைகள். நடுப் பெட்டியின் மேல் பிளக்குகள் இரண்டும் விரலால் இழுத்ததும் வந்துவிட்டன. பழைய சைக்கிள் கம்பி ஒன்றின் நுனியைக் கொக்கிபோல வளைத்து, ஒவ்வொரு துளையிலும் விட்டு, பின்பக்க விளிம்பில் மாட்டி இழுத்து, கம்பியில் நகத்தால் அடையாளம் பிடித்து அளந்தேன். சிமென்ட் பூச்சு 14 மி.மீ., பிளாக்கின் ஓடு 27 மி.மீ., அப்புறம் பொந்து.

இது தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு அங்குல ஹாலோ பிளாக் என்றால் நான்கு அங்குலமும் கான்கிரீட் இல்லை. முன்பக்கம் ஓர் ஓடு, பின்பக்கம் ஓர் ஓடு, இடையில் பொந்து. ஓடுகளைச் சேர்த்துப் பிடிக்க அங்கங்கே குறுக்குத் தடுப்பு. இந்த அகலத்துக்கு ஓடு 25 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்று இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 2185 சொல்கிறது. இந்தச் சுவரில் 27 இருந்ததால் பிளாக்கைக் குறை சொல்ல வழியில்லை. நம் கைக்குக் கிடைக்கும் கான்கிரீட்டே ஓர் அங்குலம்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு வேலை செய்திருக்க வேண்டியது நாங்கள்தான்.

பன்னிரண்டு துளைகளில் நான்கில் மட்டும் ஓடு முழுசாக இருந்தது. ஐந்தில், முன்பக்கம் அழகான 8 மி.மீ. வட்டம், கம்பியை விட்டுப் பின்பக்கம் தடவினால் புனல்போல் விரிந்து உடைந்திருந்தது. 27 மி.மீ. இருக்க வேண்டிய ஓடு துளையின் ஓரத்தில் 11, 12 என்று நின்றது. இரண்டு துளைகள் இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே செங்குத்து இணைப்பில் விழுந்திருந்தன. கட்டும்போது அங்கே கலவை அரைகுறையாகத்தான் போயிருக்கிறது, டிரில் நுழைந்ததும் மணலாக உதிர்ந்திருக்கிறது. மீதி ஒன்றில், 'இது கெட்டியாக நிற்கட்டும்' என்று போட்ட எஃகு ஆங்கர் ஃபாஸ்டனர், அதாவது முறுக்கினால் விரிந்து பிடிக்கும் போல்ட். முறுக்கிய முறுக்கில் பிளாக்கின் ஓடே கீறல் விட்டிருந்தது. பூச்சைச் சுரண்டியதும், துளையிலிருந்து இரண்டு பக்கமும் கிளம்பும் மயிரிழை வெடிப்பு தெரிந்தது.

பின்பக்கம் உடைந்ததற்குக் காரணம் ஹேமர் மோடு. டிரில் சுற்றும்போதே சுத்தியல்போல இடிப்பதுதான் ஹேமர். கெட்டிச் சுவரில் அது வரம். ஹாலோ பிளாக்கில், பிட் ஓட்டின் கடைசி சில மி.மீ.யை நெருங்கும்போது பின்னால் தாங்க எதுவும் இல்லை. மிச்சம் இருக்கும் கான்கிரீட்டை அது துளைக்காது. உடைத்துப் பொந்துக்குள் தள்ளிவிடும். முன்னால் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. 'பொதுக்' என்று பிட் உள்ளே விழுவதை மட்டும் கை உணரும். அந்த 'பொதுக்'கை அன்றைக்கு நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். வேலை சீக்கிரம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இதோடு நிற்கவில்லை. கழற்றிய ஸ்க்ரூவை அளந்தபோதுதான் உண்மையில் வெட்கப்பட்டேன். இரண்டு அங்குல ஸ்க்ரூ, 50 மி.மீ. அது பெட்டிக்குள் இருக்கும் 18 மி.மீ. பட்டியையும் 6 மி.மீ. பின்பலகையையும் தாண்டித்தான் சுவரைத் தொட வேண்டும். 24 போக, மிச்சம் 26. அதில் 14 மி.மீ. பூச்சு. ஆக, கான்கிரீட்டுக்குள் போனது 12 மி.மீ.தான். நைலான் பிளக்கின் நீளமோ 40 மி.மீ.; அது விரிந்து பிடிப்பது முக்கியமாக அதன் உள்பாதியில். எங்கள் ஸ்க்ரூ அந்தப் பாதியில் 6 மி.மீ.தான் நுழைந்திருந்தது. துளை நன்றாக இருந்த இடங்களிலும் பிளக் பாதிதான் விரிந்திருந்தது. ஓடு உடைந்த இடங்களில் பிளக்கின் நுனி வெறும் காற்றில். அங்கெல்லாம் 83 கிலோ பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது முக்கியமாகச் சுவர்ப் பூச்சு. இரண்டு வருடம் நின்றதே பெரிய விஷயம்.

என் ஆசாரிப் பையன் இதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, அப்ப நாலு இஞ்ச் ஸ்க்ரூவா போட்டு விட்ரலாமுங்களா?" என்றான். அவன் சொன்னதில் பாதி சரி. ஸ்க்ரூவின் நீளம் என்பது மாட்டும் பொருளின் கனம், பிளக்கின் நீளம், அதோடு ஸ்க்ரூவின் தடிமன் அளவு கொஞ்சம். எங்கள் கேஸில் 24 + 40 + 5. மூன்று அங்குல ஸ்க்ரூ போட்டிருக்க வேண்டும். துளை நன்றாக இருந்த நான்கு இடங்களில் அது போதும். ஓடு உடைந்த ஐந்து இடங்களில் ஆறு அங்குலம் போட்டாலும் பொந்துக்குள்தான் நீட்டிக்கொண்டிருக்கும். அதைவிடத் தடியான ஆங்கர் போல்ட் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வெடிப்பு சாட்சி. ஆங்கர் தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டை வெளிப்பக்கம் நெருக்கித்தான் பிடிக்கும். ஓர் அங்குல ஓடு அந்த நெருக்கலைத் தாங்காது.

நாம் ராவல் பிளக் என்று சொல்வது ஓர் ஆளின் பெயரிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற கட்டிட ஒப்பந்தக்காரர், பிரிட்டிஷ் மியூசியம் சுவரில் மின்சாமான் பொருத்தும் வேலைக்காக 1911 வாக்கில் கண்டுபிடித்தது. சணல் நாரை விலங்கு ரத்தத்தில் ஒட்டிச் செய்த குழல். இன்றைய நைலான் பிளக்கை 1958ல் ஜெர்மனியில் ஆர்தர் ஃபிஷர் கொண்டுவந்தார். எங்கள் அப்பா காலத்தில் பிளக் எல்லாம் கிடையாது. சுவரைக் கொத்தி, தேக்குக் கட்டையைச் சீவி அடித்து இறக்கி, அதில்தான் ஸ்க்ரூ. மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே: சுற்றிலும் கெட்டியாக ஏதோ இருக்கிறது, அதன்மேல் நெருக்கிக்கொண்டு நிற்கலாம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. சுவர் மாறி எத்தனையோ வருடம் ஆகியும் எங்கள் கை மாறவில்லை, அதுதான் கோளாறு.

என்ன செய்யலாம் என்று யோசித்தோம். மேடையிலிருந்து இரண்டு கால் கொடுத்துப் பாரத்தைத் தரைக்கு இறக்குவது எனக்குப் பிடித்த வழி. சமையல் செய்யும் இடத்தில் கம்பம் நட முடியாது என்று வீட்டுக்காரம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பட்டாம்பூச்சிபோல் உள்ளே போய் விரியும் ஸ்பிரிங் டாகிள் போல்ட் ஒரு கண்ணாடிக்கோ சின்ன அலமாரிக்கோ சரி. இந்தப் பாரத்துக்கு அதை நம்ப மனம் வரவில்லை. சுவரை உடைத்துப் பொந்தில் கான்கிரீட் நிரப்புவது நல்ல வேலைதான், ஆனால் குடியிருக்கும் வீட்டில் யார் விடுவார்கள்?

கடைசியில் மூன்று வழிகளைக் கலந்தோம். பெட்டியைத் தனித்தனியாகச் சுவரில் மாட்டாமல், எட்டு அடி நீள இரும்புப் பட்டையை மேலேயும், அதே நீள எல் ஆங்கிளைக் கீழேயும் சுவரில் பொருத்துவது. பெட்டிகள் ஆங்கிள் மேல் உட்காரும், மேலே பட்டையோடு போல்ட்டில் இறுகும். இதில் ஒரு வசதி: துளை எங்கே போட வேண்டும் என்பதைப் பெட்டி தீர்மானிக்காது, சுவர் தீர்மானிக்கும். இணைப்பு வந்தால் இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். சுவரின் வலது கோடியில் ஒரு கான்கிரீட் தூண் இருந்தது. அங்கே மட்டும், மேலே ஒன்று கீழே ஒன்று, தாராளமாக ஹேமர் போட்டு ஆங்கர் ஃபாஸ்டனர் அடித்தோம். அதற்கென்றே பிறந்த இடம் அது.

மீதி ஒன்பது துளைகளில் கெமிக்கல் ஆங்கர், அதாவது இறுகும் பசையால் கம்பியைச் சுவருக்குள் பிடிக்க வைக்கும் முறை. முதலில் 6 மி.மீ. பிட், பிறகு 10, பிறகு 16; ஹேமர் அணைத்து, சுற்று மட்டும். ஒரு துளைக்கு ஐந்து நிமிடம் ஆகிறது, பையனுக்குப் பொறுமை போய்விட்டது. துளையை ஊதி, பிரஷ் விட்டுச் சுத்தம் செய்து, 85 மி.மீ. நீள வலைக்குழாய் ஒன்றை உள்ளே செருக வேண்டும். பூச்சு 14, ஓடு 27, பொந்து 46, கூட்டினால் 87. குழாய் கச்சிதமாக உட்கார்ந்தது. அதன் அடியிலிருந்து பசையை நிரப்பிக்கொண்டே பசை டியூபின் மூக்கான நாசிலைப் பின்னுக்கு இழுத்து, நிரம்பியதும் மரையிட்ட கம்பியைத் திருகியபடியே உள்ளே தள்ள வேண்டும். பசை வலைக் கண்கள் வழியாகப் பிதுங்கி, ஓட்டுக்குப் பின்னால் முடிச்சுபோல் இறுகிவிடும். சட்டைத் துளைக்குள் நுழைத்த பித்தான் மாதிரி. அது ஓட்டை வெளிப்பக்கம் நெருக்குவதில்லை, பின்னாலிருந்து பிடித்துக்கொள்கிறது.

முதல் ஒன்று தப்பாகிப் போனது. கம்பியைச் செருகியபோது வாயில் பசை பிதுங்கி வரவில்லை. வரவில்லை என்றால் உள்ளே நிரம்பவில்லை என்று அர்த்தம். உடனே வெளியே இழுத்து, இன்னும் நிரப்பி, மறுபடி செருகினோம். இரண்டாவது தப்பு டீயால் வந்தது. நான்கு துளை முடித்துவிட்டு டீ குடித்து வந்தால் நாசிலுக்குள் இருந்த பசை கல்லாகியிருந்தது. கோவை வெயிலுக்கு அது சில நிமிடத்தில் இறுகிவிடும். புது நாசில் மாட்டி, முதல் சில அழுத்தலில் வரும் பசையை அட்டையில் தள்ளிவிட்டு, டியூபில் தனித்தனியாக இருக்கும் இரண்டு நிறப் பசையும் கலந்து ஒரே சாம்பல் நிறமாக வந்த பிறகுதான் தொடர்ந்தோம். தள்ளிவிட வேண்டிய அந்தப் பசையை மிச்சப்படுத்துகிற சைட்டுகளைப் பார்த்திருக்கிறேன். கலக்காத பசை எத்தனை நாளானாலும் சரியாக இறுகாது.

நடுப் பெட்டிக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறை வார்ட்ரோப். அதன் பின்பலகையில் இரண்டு சதுரம் வெட்டி, சுவரை முழுக்கத் துளைத்து, இரண்டு நீளப் போல்ட்டுகளை விட்டு, அந்தப் பக்கம் நான்குக்கு நான்கு அங்குல இரும்புத் தகடு வைத்து நட் போட்டோம். ஹாலோ பிளாக்கில் பெரிய பாரத்துக்கு இதைவிட நம்பகமானது எனக்குத் தெரியாது. இழுப்பு முழுவதும் பின் ஓட்டில் பரந்து போய் விழுகிறது. பலம் காட்டி முறுக்கக் கூடாது, அவ்வளவுதான். இரண்டு ஓடுகளையும் நசுக்கிவிடலாம். ஸ்பானரில் கை இறுக்கம் வந்ததும் நிறுத்தி, ஒரு லாக் நட் போட்டோம்.

பெட்டிகளை அன்றைக்கே ஏற்றவில்லை. மறுநாள், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சோதனைக்காகவே போட்டிருந்த ஒரு கம்பியில் பைப்பை நெம்புகோலாக மாட்டி இழுத்துப் பார்த்தோம். நடுப் பெட்டியின் மொத்த இழுப்பான 25 கிலோவைப் போல நான்கு மடங்கு கொடுத்து, பத்து நிமிடம் விட்டோம். கம்பியைச் சுற்றிப் பென்சிலில் போட்ட கோடு அப்படியே இருந்தது. அப்புறம்தான் பெட்டி ஏறியது. செலவு முழுவதும் என்னுடையது. அதில் பேச்சே இல்லை.

கிளம்பும் நேரத்தில் குழந்தை அறையில் நிற்கும் ஏழடிப் புத்தக அலமாரியைக் காட்டி, இதையும் பார்த்துவிடுங்கள் என்றார்கள். அது வேறு கணக்கு. பாரம் முழுக்கத் தரையில். முன்பக்கம் கவிழாமல் சுவர் பிடித்துக்கொண்டால் போதும். பிள்ளை கீழ்த் தட்டில் கால் வைத்து ஏறும் நாளுக்காகத்தான் அந்தப் பிடிப்பு. அமெரிக்காவில் இப்படிக் கவிழ்ந்து குழந்தைகள் இறந்ததால்தான் 2016ல் ஐக்கியா நிறுவனம் அங்கே 2.9 கோடி இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெற்றது; 2022 இறுதியில் துணி வைக்கும் அலமாரிகள் கவிழாமல் நிற்க வேண்டும் என்று தனிச் சட்டமே வந்தது. இந்த அலமாரிக்கு, உச்சியிலிருந்து ஒரு சாண் கீழே இரண்டு எல் பிராக்கெட். சுவரில் ஹேமர் இல்லாமல் போட்ட துளையில், பொந்துக்குள் போய் முடிச்சுப் போட்டுக்கொள்ளும் வகை நைலான் பிளக், சரியான நீள ஸ்க்ரூ. அரை மணி நேர வேலை.

இப்போதெல்லாம் எந்த வீட்டிலும் அளவு எடுக்கப் போகும்போதே, கண்ணுக்குத் தெரியாத மூலையில் 5 மி.மீ. பிட்டால் ஒரு துளை போட்டுப் பார்த்துவிடுகிறேன். சிவப்புத் தூள் கடைசி வரை வந்தால் செங்கல். மாவுபோல் வெளுத்த தூள், பிட் வெண்ணெயில் போவதுபோல் போனால் ஏ.ஏ.சி. பிளாக், நுண்ணிய காற்றுக்குமிழ் நிறைந்த லேசான கல், அதற்குப் பொந்து இல்லை, ஆனால் மென்மை, பிளக் வேறு. சாம்பல் தூள் வந்து ஒன்றரை அங்குலத்தில் பிட் விழுந்தால் ஹாலோ பிளாக். சிவப்புத் தூள், ஆனால் விட்டு விட்டு விழுகிறது என்றால் சுட்ட களிமண் ஹாலோ பிளாக்; அதன் தடுப்புகள் இன்னும் மெல்லியவை, அங்கே ஹேமர் சுவிட்சைத் தொட்டால் பையனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

போன மாதம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். வேலை முடித்த அன்று மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் வேண்டுமென்றே வெள்ளை சிமென்ட் தடவிவிட்டு வந்திருந்தேன். ஸ்டூல் போட்டு ஏறி, டார்ச் அடித்துப் பார்த்தேன். கீறல் இல்லை. கதவைத் திறந்தால், மேடையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்த கல் இடிகல் மறுபடி மேல் தட்டில் ஏறி உட்கார்ந்திருந்தது. "இடம் பத்தலைங்க அண்ணா" என்றார் வீட்டுக்காரம்மா. நான் ஒன்றும் சொல்லவில்லை, கதவைச் சாத்தினேன்.